நூற்று மூன்று படிகள்

33 கிலோ என்பது எவ்வளவு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. வீட்டுக்கு வரும் சமையல் எரிவாயு உருளைக்குள் 14.2 கிலோ வாயு இருக்கிறது. அதைப்போல் இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டு, மேலும் நான்கரைக் கிலோவைச் சேர்த்தால் ஏறத்தாழ அந்த அளவு வரும். அத்தனையையும் என் உடம்பிலிருந்து இறக்கி வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அப்போது எனக்கு வயது 41, உயரம் 158 செண்டிமீட்டர், எடை 108 கிலோ.

அழகுக்காகவோ பிறர் பேச்சுக்காகவோ அவர் அதைச் சொல்லவில்லை. என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா காலமாகிவிட்டார். அம்மாவுக்கு நீரிழிவு நோய் இருப்பதால் அவர் தானம் செய்ய இயலாது. உறுப்பு மாற்றுக்கான 1994ஆம் ஆண்டுச் சட்டம் நெருங்கிய உறவினர் தானம் செய்வதற்கு இடமளிக்கிறது. உடன்பிறந்தவர்களும் அதில் அடங்குவர். எங்கள் இருவருடைய இரத்த வகையும் ஒன்றே. தம்பி என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நானாகக் கேட்டபோதும் இரண்டு ஆண்டுகள் மறுத்துக்கொண்டே இருந்தான். ஒருவழியாக அவன் இணங்கி, நாங்கள் இருவரும் மருத்துவர் முன் அமர்ந்தபோதுதான் என் எடை குறுக்கே வந்து நின்றது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்த பிறகு, எஞ்சியிருக்கும் ஒன்று இரண்டின் வேலையையும் செய்ய வேண்டும். உடல் பெருத்திருந்தால் அதற்கு வேலை மேலும் கூடும். அறுவையின்போதும் இடர் மிகுதி. எனக்குச் சர்க்கரையும் எல்லைக்கோட்டின் அருகில் இருந்தது. "ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரை நோயாளியாக்க நான் விரும்பவில்லை. 75 கிலோவுக்கு வந்து காட்டுங்கள், பேசலாம்" என்றார்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களுக்கு ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது மருத்துவரும் உணவு வல்லுநரும் மாதந்தோறும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவளின் கதை. வளரும் வயதில் இருக்கும் நீங்கள் நன்றாக உண்ண வேண்டும், ஓடியாட வேண்டும். எடைக்கருவியின் மேல் ஏறி நின்று கவலைப்படத் தேவையில்லை.

எங்கள் குடும்பம் புனே நகரத்துக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. அப்பா கட்கியில் உள்ள வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்தவர். நானும் தம்பியும் இங்கேயே பிறந்தோம். வீட்டில் தமிழும் வாசலுக்கு வெளியே மராத்தியும் இந்தியுமாக வளர்ந்தோம். உங்களில் பலருடைய வீடும் இப்படித்தான் இருக்கும், ஊரின் பெயர் மட்டும் வேறாக இருக்கலாம். வெளியூரில் வாழும் தமிழ் வீடுகளில் அன்பு பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டில்தான் வந்து விழும். "இன்னும் ஒரு கரண்டி" என்று அம்மா சொன்னால் அது உணவைப் பற்றிய பேச்சே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

அன்றிரவு ஒரு தாளில் கணக்குப் போட்டேன். உடலில் உள்ள ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். நாளொன்றுக்கு 500 கலோரியைக் குறைத்தால் ஒரு கிலோ இறங்கப் பதினைந்து நாள்களுக்கு மேல் ஆகும். 33 கிலோவுக்கு 508 நாள்கள். அதாவது, ஒரு நாள்கூடத் தவறாமல் நடந்தாலும் பதினேழு மாதங்கள். தம்பியோ வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்புக் கருவியோடு பிணைக்கப்பட்டுப் படுத்திருந்தான். 508 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்தேன்.

தம்பியின் உயிரைவிடப் பெரிய காரணம் ஒருவருக்கு வேண்டுமா? வேண்டாம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், பெரிய காரணம் முதல் மாதத்தில் மட்டுமே என்னைத் தள்ளிக்கொண்டு போயிற்று. மூன்றாம் மாதத்தில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, முழங்கால் வலிக்கும்போது அந்தக் காரணம் எங்கேயோ தொலைவில் நின்றது. அன்பு குறைந்துவிடவில்லை; அன்புக்கும் காலணியின் கயிற்றைக் கட்டுவதற்கும் இடையில் நீண்ட தூரம் இருந்தது, அவ்வளவுதான்.

திருக்குறளில் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. அதாவது விடாமல் முயலுதல். இரண்டும் ஒன்றுதானே என்று பள்ளியில் படித்தபோது தோன்றியதுண்டு. நடுவில் 61ஆம் அதிகாரமாக மடியின்மை, சோம்பல் இல்லாமை, நிற்கிறது. ஊக்கத்துக்கும் முயற்சிக்கும் நடுவில் வள்ளுவர் சோம்பலுக்கு ஓர் அதிகாரத்தை ஒதுக்கியிருப்பது எனக்கு இப்போதுதான் பொருள் உடையதாகத் தெரிகிறது. புலவர்கள் வேறு விளக்கம் சொல்லக்கூடும்; ஐந்தரை மணிக்கு எழுந்தவளின் விளக்கம் இது.

புனேயின் தெற்கே பர்வதி என்றொரு குன்று இருக்கிறது. அதன் உச்சியில் உள்ள கோயிலைப் பேஷ்வா நானாசாகேப் 1749ஆம் ஆண்டில் கட்டினார். 1761இல் பானிபட் போரில் மராத்தியப் படை தோற்றது. நானாசாகேபின் மகனும் அதில் மாண்டார். அந்தத் துயரத்திலிருந்து மீளாமலே அவர் அதே ஆண்டில் இந்தக் குன்றின் மேல் உயிர்துறந்தார். வரலாற்றுப் பாடத்துக்கு வெளியே, புனே மக்களுக்குப் பர்வதி என்றால் 103 கற்படிகள். விடியற்காலையில் நூற்றுக்கணக்கானோர் அதில் ஏறி இறங்குவார்கள். நான் ஏறலாமா என்று கேட்டபோது உணவு வல்லுநர் தடுத்துவிட்டார். படி ஏறுவதைவிட இறங்குவது முழங்காலை அதிகமாக வருத்தும் என்பதால், முதல் இரண்டு மாதங்கள் சமதளத்தில் நடக்கச் சொன்னார். ஆகவே குன்றின் அடிவாரத்துக்கு அருகில் உள்ள சாரஸ் பாக் பூங்காவில் நடந்தேன். முதல் நாள் ஒரு சுற்று. அதற்குள் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது.

முதல் மாத முடிவில் எடை 104 ஆயிற்று. நான்கு கிலோ! அம்மா கோயிலுக்கு வேண்டுதல் எல்லாம் செய்தார். உணவு வல்லுநர் மட்டும் பெரிதாக மகிழவில்லை. நம் கல்லீரலும் தசைகளும் சர்க்கரையைக் கிளைகோஜன் என்னும் வடிவில் சேமித்து வைக்கின்றன. ஒரு பங்கு கிளைகோஜனோடு ஏறத்தாழ மூன்று பங்கு நீரும் தங்கியிருக்கும். உணவைக் குறைத்ததும் முதலில் அந்தச் சேமிப்பும் நீருமே வெளியேறுகின்றன. "அடுத்த மாதம் ஒன்றரைக் கிலோதான் இறங்கும். அப்போது மனம் உடையக் கூடாது என்பதற்காக இன்றே சொல்கிறேன்" என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. முன்கூட்டிச் சொல்லியிராவிட்டால் நான் அங்கேயே நின்றிருப்பேன் என்று தோன்றுகிறது. சுவரில் ஒட்டும் ஊக்க வாசகங்கள் நூறு சேர்ந்தாலும் இப்படி ஒரு செய்தி தரும் பலத்தைத் தரமாட்டா.

சமையலறையில் இரண்டு விதமான சமையல் நடந்தது. தம்பிக்குப் பொட்டாசியம் கூடக் கூடாது. அவனுக்கான காய்களை நறுக்கி, நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். வாழைப்பழமும் இளநீரும் அவன் கண்ணில் படக் கூடாது. உப்பு மிகக் குறைவு. எனக்கு அரிசி பாதி, கூட்டு இரண்டு பங்கு, முளைகட்டிய பயறு, முட்டை, இரவில் சோள ரொட்டி ஒன்று. அம்மா இரண்டு அடுப்புகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டில் ஒருவருக்காவது ஒழுங்காகச் சமைத்துப் போட முடியவில்லையே" என்று பெருமூச்சு விடுவார்.

எடைக்கருவியும் எங்கள் இருவருக்கும் பொதுவாயிற்று. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குச் சிறுநீர் மிகக் குறைவாகவே வெளியேறும். குடிக்கும் நீரெல்லாம் உடம்பில் தங்கும். எனவே கருவியில் படுப்பதற்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள். இடையில் ஏறிய இரண்டு மூன்று கிலோ நீரை நான்கு மணி நேரத்தில் உறிஞ்சி எடுப்பார்கள். "அக்கா, நீ மூன்று மாதத்தில் இறக்குவதை நான் ஒரே பகலில் இறக்கிவிடுகிறேன், பார்த்தாயா?" என்று தம்பி சிரிப்பான். அடுத்த நாளே அது மீண்டும் ஏறத் தொடங்கும் என்பது அவனுக்கும் தெரியும்.

அவனுக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் நீர்தான் அளவு. காலையில் ஒரு புட்டியில் நிரப்பி வைத்துக்கொள்வான். குழம்பில் இருக்கும் நீரையும் அதில் கழித்துக்கொள்வான். ஏப்ரல் மாதத்துப் புனே வெயிலில், உதடு வறண்டு, ஒரு பனிக்கட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எனக்காவது 75 என்று ஓர் எண் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தால் ஒரு முடிவு உண்டு. அவனுக்கு எந்த எண்ணும் இல்லை. திங்கள், புதன், வெள்ளி. மீண்டும் திங்கள். எப்படித் தாங்குகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "நான் மொத்தமாக எதையும் தாங்குவதில்லையே, அக்கா. இன்றைக்கு உள்ள புட்டியைத்தான் பார்க்கிறேன்" என்றான். அறிவுரையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். பிறகு கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டான்.

மடித்து வைத்த தாளை அன்று எடுத்துப் பார்த்தேன். 508 என்பதை அழிக்கவில்லை. அது சரியான கணக்குதான். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அதில் நாள்தோறும் ஒரே ஒரு சொல்லை மட்டும் எழுதத் தொடங்கினேன்: ஏறினேன், அல்லது ஏறவில்லை. அப்போதைக்குள் படிகளுக்கு அனுமதி கிடைத்திருந்தது. முதல் நாள் முப்பது படி. அங்கே கைப்பிடிச் சுவரின் அருகில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். என்னைக் கடந்து ஒரு மூதாட்டி ஏறினார். ஒன்பது கஜப் புடவை, காலில் துணிக் காலணி, வயது எழுபதுக்கு மேல் இருக்கும். இறங்கி வரும்போது நான் இன்னும் அதே படியில் இருப்பதைக் கண்டார். ஏன் நின்றுவிட்டாய் என்றோ இன்னும் கொஞ்சம் முயன்று பார் என்றோ சொல்லவில்லை. "உத்யா யேணார் கா?" என்று கேட்டார். நாளைக்கு வருவாயா என்று பொருள். வருவேன் என்றேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த ஆஜி அதே கேள்வியைத்தான் கேட்டார். நான் எத்தனை படி ஏறினேன், எவ்வளவு எடை என்பதெல்லாம் அவர் கணக்கில் இல்லை.

103ஆவது படியை ஏழாவது வாரத்தில் தொட்டேன். மேலிருந்து நகரம் முழுவதும் தெரிந்தது. மழை பெய்து ஓய்ந்த தெளிந்த நாள்களில் தென்மேற்கே சிம்மகட் கோட்டையின் முகடும் தெரியும். ஜூலையில் படிகளில் பாசி பிடித்து வழுக்கியதால், எங்கள் குடியிருப்பின் நான்கு மாடிப் படிக்கட்டிலேயே ஏறி இறங்கினேன். நோட்டில் அதையும் ஏறினேன் என்றே எழுதினேன்.

எடை 100க்குக் கீழே இறங்கிய நாளில் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. உண்மையில் 100.2க்கும் 99.8க்கும் உள்ள வேறுபாடு இரண்டு குவளைத் தண்ணீர். மனம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. அதன் பிறகு 96இல் வந்து எடை நின்றது. ஆறு வாரங்கள் அசையவில்லை. உண்பதும் நடப்பதும் முன்போலவே இருந்தன. காரணம் எளிது: உடல் சிறுத்தால் அதன் செலவும் சிறுக்கிறது. 108 கிலோவைச் சுமந்து நடந்தபோது செலவான ஆற்றல் 96 கிலோவைச் சுமக்கும்போது செலவாகாது. முன்பு குறைவாக இருந்த உணவு இப்போது போதுமானதாகிவிடுகிறது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, ஆறு வாரம் ஒரே எண்ணைப் பார்ப்பது வேறு. அந்த நாள்களில் எடைக்கருவியைத் தம்பியின் அறைக்கு மாற்றிவிட்டு, வேறு சிலவற்றைக் கவனித்தேன். மூச்சைப் பிடிக்காமல் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட முடிந்தது. பேருந்தில் இருவர் அமரும் இருக்கையில் பக்கத்தில் இருப்பவர் நெளியவில்லை. ஓய்வாக இருக்கும்போது 88 ஆக இருந்த நாடித்துடிப்பு 74 ஆகியிருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து விலகியிருந்தது. எடைக்கருவிக்கு இவை எதுவும் தெரியாது.

உறவினர் திருமணம் ஒன்றுக்காகச் சொந்த ஊருக்குப் போனபோது அத்தை என் கன்னத்தைத் தடவி, "இப்படி இளைத்துவிட்டாயே, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா?" என்று கண்கலங்கினார். போன ஆண்டு அதே அத்தை, நான் பருத்துவிட்டதாக வருந்தியவர். இலையில் இரண்டாவது இலட்டு விழுந்தது. உண்டேன். அன்று நோட்டில் என்ன எழுதினேன் என்று பார்த்தால், மண்டபத்தின் மாடிப்படிகளைக் கணக்கில் கொண்டு ஏறினேன் என்று இருக்கிறது.

பதினோராம் மாதம். எடை 91. இன்னும் 16 கிலோ இருந்தது. ஓர் இரவு பதினொன்றரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. இறந்தவர்களின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் மண்டல ஒருங்கிணைப்பு மையத்தின் பட்டியலில் தம்பியின் பெயரை நோய் வந்த ஆண்டிலேயே பதிந்திருந்தோம். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பத்தார் அவருடைய உறுப்புகளைக் கொடுக்க இசைந்திருக்கிறார்கள். உடனே வர முடியுமா என்று கேட்டார்கள். யார் அந்த மனிதர் என்று எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். விடிவதற்குள் சோதனைகள் பொருந்தின. காலை ஒன்பது மணிக்குத் தம்பியை அறுவை அரங்குக்குள் அழைத்துச் சென்றார்கள். மாலையில், புதிய சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் வரத் தொடங்கிவிட்டது என்று செவிலியர் வந்து சொன்னபோது, அம்மா அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதார்.

நானும் அழுதேன். ஆனால், அந்த மகிழ்ச்சியின் அடியில் சொல்லத் தயங்கும் இன்னோர் உணர்வும் கிடந்தது. பதினொரு மாதங்களாக நான் ஒன்றைக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் அது தேவையில்லை என்றாயிற்று. அறியாத ஒருவர், அறியாத ஒரு வீட்டின் துயரத்திலிருந்து, என்னை முந்திக்கொண்டு கொடுத்துவிட்டார். "இனி நீ எதற்காகச் சிரமப்பட வேண்டும்? வாய்க்கு ருசியாகச் சாப்பிடு" என்று அம்மா அன்போடு சொன்னார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. 75 என்ற எண்ணுக்குப் பின்னால் இப்போது யாரும் படுத்திருக்கவில்லை.

மருத்துவமனையில் மூன்று இரவுகள் இருந்துவிட்டு வீடு திரும்பிய மறுநாள், ஐந்தரை மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. யாரும் எழுப்பவில்லை. சிறிது நேரம் படுத்திருந்தேன். பிறகு, காரணம் எதையும் தேடாமல், காலணியை மாட்டிக்கொண்டு பர்வதிக்குப் போனேன். ஆஜி, "நான்கு நாளாகக் காணோமே" என்றார். தம்பியைப் பற்றிச் சொன்னேன். கைகளைக் குவித்து மேலே கோயில் இருக்கும் பக்கம் கும்பிட்டார். இறங்கும்போது வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

காரணமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மாற்றிப் பொருத்திய சிறுநீரகம் வாழ்நாள் முழுவதும் உழைக்கும் என்ற உறுதி கிடையாது. பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து இன்னொன்று தேவைப்படலாம். அப்போது நான் ஐம்பதைத் தாண்டியிருப்பேன். என்னுடையது பயன்படுமா என்பதை அன்றைய மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும். இப்போது என் எடை 82. மூன்று வாரங்களாக அங்கேயே நிற்கிறது. நோட்டு இரண்டாவது வந்துவிட்டது.

தம்பிக்குக் கதை தலைகீழாகிவிட்டது. புதிய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க அவன் உட்கொள்ளும் மருந்துகளில் ஸ்டீராய்டும் ஒன்று. அது பசியைக் கிளப்பிவிடும். எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ ஏறிவிட்டான். மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார். சாரஸ் பாக்கில் ஒரு சுற்று நடந்துவிட்டு, மணி என்ன ஆயிற்று என்று ஐந்து முறை கேட்கிறான். நாளொன்றுக்கு மூன்று லிட்டர் நீர் குடிக்க வேண்டும் என்பதும் இப்போதைய கட்டளை. அந்தப் பழைய ஒரு லிட்டர்ப் புட்டியையே இன்னமும் வைத்திருக்கிறான். காலையில் ஒன்று, பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று நிரப்பிக்கொள்கிறான். சில நாள்களில் மூன்றாவது புட்டியை முடிக்க முடியாமல், "அக்கா, இதைக் குடித்தே ஆக வேண்டுமா?" என்று என் முகத்தைப் பார்க்கிறான்.